நாகக் கட்டி

கிண்ணியாப் பாலத்தில் பஸ் குலுங்கவில்லை.
நான் எதையும் கடிக்கவுமில்லை.
மூடிய வாய்க்குள்
டிக் என்றது,
மேல்வரிசை, இடப்பக்கம்.
நாக்கு போய்ப் பார்த்துவிட்டு
இரத்தத்தோடு திரும்பி வந்தது.

பெரியாஸ்பத்திரிப் பல் பகுதியில்
டொக்டர் ஸிஹானா
இரண்டு துண்டையும் கிடுக்கியால் எடுத்து
வெள்ளைத் தாளில் வைத்தார்.
பூதக்கண்ணாடியைத் தந்தார்.
அம்மைத் தழும்புபோலப் பள்ளம் பள்ளமாய்
என் கம்பி.

"ஜெல் எத்தினை தரம் பூசுறீர்?"

கிழமைக்கு ஒருக்கா என்று எழுதித் தந்தவர் அவர்தான்.
நான் காலையும் இரவும்.
பூசிவிட்டு அப்படியே படுப்பேன்,
வாய் புளிக்கப் புளிக்க.
கூட வேலை செய்யும் மிதுலனுக்குக்
கம்பி கழற்றிய அன்று
பல்லுக்குப் பல் சதுரம் சதுரமாய்ச் சுண்ணாம்பு வெள்ளை.
அந்தப் பயம்.

அவர் ஏசவில்லை.
"டைட்டேனியத்துக்கு ஒரு தோல் இருக்கு,
கண்ணுக்குத் தெரியாது.
புளிப்பும் புளோரைட்டும் சேர்ந்தா அதை உரிச்சுப்போடும்.
உரிஞ்ச இடத்தால ஐதரசன் உள்ள போய்க் குந்தும்.
பிறகு அது கம்பியில்லை, அப்பளம்."

நான் சீனக்குடாவில்
படகுகளின் அடிக்கு நாகக் கட்டி பூட்டுகிறவன்.
உப்புத்தண்ணி எதையாவது தின்னத்தான் செய்யும்.
அதற்கென்று ஒரு தீனியைக் கட்டிவிட்டால்
சுக்கானை விட்டுவைக்கும்,
சுழலியை விட்டுவைக்கும்.
ஆறேழு மாதத்தில் கட்டி
மீன் முள்ளாய்க் கழன்று வரும்.
எறிந்துவிட்டுப் புதுசு பூட்டுவேன்.
ஒன்றையாவது திருப்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

"டொக்டர், வாய்க்குள்ள
தின்னக் குடுக்க எதைப் பூட்டலாம்?"

முகமூடிக்கு மேலே கண் சிரித்தது.
"பூட்டித்தானே இருக்கு.
கம்பியை நான் மாத்துவன்.
பல்லை ஆர் மாத்துறது?
ஜெல்லை விடாதையும். அளவா."

புதுக் கம்பி
குளிரில் நூல்மாதிரி மடங்கிக் கொடுத்தது.
வாய்ச் சூடு பட்டதும்
தன் வளைவு நினைவு வந்து
இழுக்கத் தொடங்கியது,
காது வரைக்கும்.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
வடை சுற்றிய தாளை மென்றுகொண்டு நின்றது.
இரண்டு நாளைக்கு எனக்குக் கஞ்சி.
அது மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றதில்
மூதூர் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சட்டைப்பையில்
தாளோடு மடித்த இரண்டு துண்டும் குத்தின.
வீட்டில் ஜெல் ரியூப்
இன்னும் பாதி இருக்கிறது.