பெயர் சேர்த்தல்

என் பெயரில் சட்டம் இருப்பதாக
மனுவோடு வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.
சட்டநாதன், சீர்காழிச் சாமியின் பெயர்.
அவர் போட்டிருப்பது சட்டை.
தரங்கம்பாடிப் பேரூராட்சியில்
பிறப்பு இறப்பு இரண்டையும் எழுதுகிற கை
என்னுடையது.

ஐப்பசியில் ஒருநாள்
மீனவர் தெருவிலிருந்து ஒருவர் வந்தார்,
பேரனுக்குச் சூசை என்று சேர்க்க.
அவர் பேனாவை இரவல் வாங்கித்தான்
பொறையார்க்காரர் யூசுப் என்று எழுதினார், தன் மகனுக்கு.
இரண்டும் ஒரே பெயர் என்பது
இருவருக்கும் தெரியாது.
நான் சொல்லவில்லை, கூட்டமாக இருந்தது.
'அவர் இன்னும் சேர்ப்பார்' என்று அர்த்தமாம், எபிரேயத்தில்.
எங்கள் படிவத்தின் தலைப்பும்
ஏறக்குறைய அதுதான்.

காரைக்கால் பெரியவர் ஒருவரிடம்
கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.
"பேர்?"
"பியேர்."
"அதான் ஐயா, பேர் என்ன?"
"பியேர்தான் ஐயா."
கல் என்று பொருள் சொன்னார்.
மச்சினன் ராயப்பன், அவனும் அதே கல்தான்,
ஆனால் பேச்சுவார்த்தை இல்லை என்றார்.

இந்தப் பக்கம் தண்ணீரும் அப்படித்தான்.
குடத்தை உருட்டினால் குடமுருட்டி,
வெட்டி விட்டால் வெட்டாறு என்பார்கள்.
எங்கள் கடைமடைக்கு வந்து சேர்கையில்
பெயர் நிறைய இருக்கும்,
தண்ணீர் கணுக்கால் அளவு.

டிசம்பர் இருபதாம் தேதி
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்.
பதினைந்து முடிய ஏழு நாள் பாக்கி.
முடிந்துவிட்டால் சேர்க்க முடியாது.

பழைய பதிவேட்டை இறக்கினேன்.
ஓரமெல்லாம் உப்புக் கறை.
இரண்டாயிரத்து நான்கு, டிசம்பர் இருபத்தேழு.
தாய், மலர்க்கொடி.
பிறந்த இடம், கல்யாண மண்டபம்.
பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

அந்தக் கோடு நான் போட்டது.
அந்த வாரம் பெயர்களெல்லாம்
இன்னொரு பதிவேட்டில் இருந்தன.
பக்கம் பக்கமாக எழுதினேன்.
பெயர் தெரியாதவர்களுக்கு
சட்டையின் நிறத்தை எழுதினேன்.
பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

"பள்ளிக்கூடத்தில என்ன பேரு?"
"நிவேதா. வாத்தியார் வச்சது."
"வீட்டுல?"
சிரித்தாள்.
"மண்டபம்.
'மண்டபம், சோறு ஆறுது வா'ன்னுதான் அம்மா கூப்பிடும்."

நானும் சிரித்திருக்க வேண்டும்.
"அதையே எழுதலாமா சார்?
அதுக்கு அர்த்தம் உண்டா?"

தூண் இருக்கும்.
மழைக்கு யாரும் ஒதுங்கலாம்.
எந்தச் சாதி, எந்தச் சாமி என்று
கேட்காது.
இதையெல்லாம் சொல்ல நினைத்து
"உண்டு" என்றேன்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
கூடாது என்று எங்கும் இல்லை.
தாமதக் கட்டணத்தைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
கோட்டை அடிக்காமல்
அதன் மேலேயே எழுதினேன்,
ஐந்து எழுத்து, கை கொஞ்சம் ஆடியது.

அவசரத்தில் மை காயுமுன் மூடிவிட்டேன்.
மாலையில் திறந்தால்
எதிர்ப்பக்கத்திலும் பதிந்திருந்தது
இடவலம் மாறி, மண்டபம்,
வேறொரு பிள்ளையின் வரிசையில்.
அங்கேயும்
ஒரு கோடு.