எலாஸ்டிக் மட்டும்

ஏப்ரல் கடைசியில் ஸஃப்தா என் படலுக்கு வெளியே நின்று
என் நிலத்தில் ஒரு சாண் இடம் கேட்டாள்,
ஜட்டி புதைக்க.

காது சரியாகத்தான் கேட்டது.
கையில் பிரிக்காத உறை.
உள்ளே இரண்டு, வெள்ளை, சுத்தப் பருத்தி.
அந்த்ரோனிக்கை சொரோக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று
பஸ் நிலையக் கடையில் வாங்கியது.
அவனுக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை.

"ஒன்று என் மண்ணில், ஒன்று உன்னுடையதில்.
அறுபது நாள். அப்புறம் தோண்டுவோம்."
ஏதோ கூட்டத்தில் சொன்னார்களாம்:
மண்ணுக்கு உயிர் இருந்தால் பசிக்கும்,
பசித்தால் பருத்தியைத் தின்னும்.

எங்கள் இரு நிலத்துக்கும் நடுவே
ஒரு காலத்தில் அக்ரூட் மரங்கள் நின்றன.
மின்சாரம் வராத அந்தக் குளிர்காலங்களில்
வெட்டி எரித்தோம், நானும் அவனும்தான்.
அதன்பின் காற்றுக்கு வழி கேட்க ஆளில்லை.

நான் உழுபவன்.
ஐந்து கொழு வைத்த கலப்பை.
இத்தாலியில் அடுத்தவர் வீட்டு முதியவர்களைக் குளிப்பாட்டி
என் மகள் அனுப்பியது முன்பணம்,
மீதி வங்கிக்கு.
கொழு இறங்கிப் புரளும்போது
கரிசல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும்,
பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டலாம்.
மார்ச்சில் அதே கறுப்பு பனியின்மேல் படிந்திருக்கும்.
பனியை அள்ளி உருக்கினால்
வாளியடியில் ஒரு விரல் கனம்.
அழுக்கு என்றே சொல்லிவந்தேன்.

அவன் போனபின் அவள் உழவேயில்லை.
ஆள் இல்லாததால் என்று நினைத்தோம்.
சூரியகாந்தித் தாள் நின்றது நின்றபடி,
அதன் காலடியில் ரை,
ரையைப் பிடித்து ஏறும் ஏதோ ஒரு பயற்றங்கொடி.
சோம்பேறி வயல் என்றது ஊர்.
நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஜூனில் ஒரு மழை. இருபது நிமிஷம்.
என் சரிவு காபி நிறத்தில் இறங்கிப் போயிற்று.
கீழே இருக்கும் ஓடைப்பள்ளம்
இன்னும் ஒரு முழம் ஏறி வந்தது,
வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேசும்
கடன்காரனைப் போல.
அவள் பக்கம் பெய்த தண்ணீர் எங்கே போனது?
போன தடமே இல்லை.

அறுபதாம் நாள் முதலில் என்னுடையது.
மண்வெட்டி டங்கென்றது.
ஓடு ஓடாகப் பெயர்த்து எடுத்து உதறினேன்.
முழுசாக இருந்தது.
ஓரத்தையல்கூடப் பிரியவில்லை.
"துவைத்தால் போட்டுக்கொள்ளலாம்" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
என் மனைவி வேறெங்கோ பார்த்தாள்.
ஒரு பொருள் கெடாமலிருப்பதே கெட்ட செய்தி என்பது
ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் புதிது.

அவளுடையதை அவள் கையாலேயே தோண்டினாள்.
பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது.
மண்புழு ஒன்று அவசரமாக உள்ளே போயிற்று,
குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்டாற்போல்.
வந்தது இடுப்புப் பட்டி மட்டும்.
எலாஸ்டிக்.
அதில் இரண்டு நூல், ஒரு வெள்ளை வேர்,
அழியாத அளவு எண்: ஐம்பத்திரண்டு.

விரலில் மாட்டி இழுத்து விட்டாள்.
பட்டென்றது.
"பெரிசாகத்தான் இருந்திருக்கும்" என்றாள்,
"கடைசியில் ரொம்ப இளைத்துவிட்டான்.
ஒரு வாய் இறங்கவில்லை."
பிறகு குழியைப் பார்த்தாள், நெடுநேரம்,
தட்டைக் காலி செய்தவர்களைப் பார்க்கிற மாதிரி.

அக்டோபரில் உழுதேன்.
மறைக்க ஒன்றுமில்லை,
கலப்பைக்கு இன்னும் பதினோரு தவணை இருக்கிறது.
ஆனால் பள்ளத்தை ஒட்டி வரும்போது
கொழுவைத் தூக்கிக்கொண்டேன்,
நான்கு சால் அகலம், நீளம் முழுக்க.
ஸஃப்தா தந்த அரை மூட்டை ரையை
என் மனைவி அங்கே கையால் தூவினாள்.
என் மகளிடம் போனில் இதைச் சொல்லவில்லை.

அந்த ஜட்டியை
அதே இடத்தில் மறுபடி புதைத்திருக்கிறேன்.
துவைக்கவில்லை.
அவசரமும் இல்லை.