தபால் தராசில் இரண்டு

பள்ளி அலுவலகத்துத் தபால் தராசைக்
கீழ்த்தளத்துக்கு இரவல் வாங்கி வந்தேன்.
ஒன்றும் வைக்காதபோதும்
இரண்டு கிராம் காட்டும் தராசு.
போகட்டும்.

டேப்லெட்: நானூற்று எண்பது.
உறை போட்டேன், பேனா செருகினேன்,
தட்டெழுதவும் வேண்டுமே என்று
விசைப்பலகையையும் கோத்தேன்:
ஆயிரத்து நூற்றுப் பத்து.
லேப்டாப்: ஆயிரத்து இருநூற்று அறுபது.
பிள்ளையின் முதுகுக்கு
வித்தியாசம் ஒரு ஆப்பிள்,
அதையும் பத்து மணிக்குத் தின்றுவிடும்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு
ஒரே பக்கத்தில் ஒப்பீடு வேண்டுமாம்,
பிரெஞ்சில் ஒரு தாள், ஜெர்மனில் ஒரு தாள்.
பீல் நகரத்தில் எல்லாமே இரண்டு:
தெருவுக்குப் பெயர் இரண்டு, வணக்கம் இரண்டு.
கருவி மட்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

கட்டம் போட்டேன்.
மின்கலம்: பத்து மணி நேரம், ஆறு மணி நேரம்.
உடைவு: போன வருடம் கண்ணாடி முப்பத்தொன்று;
கழன்ற விசைகள் பதினேழு,
அதில் பதினொன்று E.
இரண்டு மொழியும் அந்த ஒன்றைத்தான்
போட்டு அடிக்கின்றன.

கௌசிகா அக்கா கடையில் என்னை மறித்தார்,
கையில் முருங்கைக்காய்க் கட்டு.
"எது நல்லது எண்டு கேக்கேல்லை.
உடைச்சால் ஆர் கட்டுறது? அதைச் சொல்லும்."
வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி.
என் கட்டத்தில் அதற்கு இடமில்லை.

இன்னும் சிலவற்றுக்கும் இல்லை.
லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினால்
ரொட்டித் துகள், பென்சில் சீவல்,
ஒருமுறை ஒரு பால்பல்.
டேப்லெட்டை விளக்கின் கீழ்ச் சரித்தால்
விரல் போன தடம் தெரியும்.
வளைந்து வளைந்து போயிருந்தால் விளையாட்டு.
ஓரிடமே மங்கிக் கிடந்தால்
அடுத்தது, அடுத்தது என்று
எதையும் வாசிக்காமல் தள்ளியிருக்கிறது.

நத்னாயேல், ஆறாம் வகுப்பு.
எட்டு மாதமாய் இரண்டு மொழியிலும்
வாய் திறக்காத பெடியன்.
நீரின் சுழற்சியைக் கேட்டதற்குக்
கண்ணாடியில் பேனாவால் கீறினான்:
கடல், ஆவி, முகில்,
முகிலுக்குக் கீழே
யாரோ காயப்போட்டு மறந்த சட்டை.
ஆசிரியர் முழுப் புள்ளி போட்டார்,
சட்டைக்கும் சேர்த்து.

மிரேய்க்குப் பின்வரிசை.
லேப்டாப் மூடியை நிமிர்த்தினால்
அது அவளுக்குச் சுவர்.
சுவருக்குப் பின்னால் அழுதிருக்கிறாள்,
கடலை கொறித்திருக்கிறாள்,
பத்தொன்பது பக்கத்துக்கு ஒரு கதை அடித்திருக்கிறாள்.
கதையில் நரி ஒன்று ரயில் ஓட்டுகிறது.
எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
செத்துப்போன வன்தட்டை மீட்டவள் நான்.

"மேசையில் தட்டையாகக் கிடந்தால்
எல்லா முகமும் தெரியும்" என்றார்கள் ஆசிரியர்கள்.
டேப்லெட்டின் சாதகங்களில் அதை எழுதினேன்.
பாதகங்களிலும்
அதே வரியை எழுதினேன்.

வியாழன்.
காப்பி ஆறுமுன் முடிந்தது கூட்டம்.
தலைமை ஆசிரியை ஏஷ்லிமன்
என் தாளைக் கடைசி வரியில் தொடங்கினார்.
விலை.
ஜூனிலேயே டெண்டர் முடிந்துவிட்டதாம்,
இருநூற்று நாற்பது டேப்லெட்,
நீல உறை.
என் ஒப்பீடு மிக அருமை, கோப்பில் இருக்கும் என்று
இரண்டு மொழியிலும் சொன்னார்.

கழிவுப் பட்டியலில்
பன்னிரண்டு லேப்டாப்புகளுக்கு எதிரே
"இயங்கவில்லை, உதிரிப் பாகத்துக்கு" என்று எழுதி
அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.
பன்னிரண்டும் இயங்கும்.
ஒன்றில், நரி
இன்னும் நூஷத்தெல் தாண்டவில்லை.

திங்கள், பெரிய இடைவேளை.
நடைபாதை மட்டத்து ஜன்னலில் மூடுபனி,
போகிற வருகிற சப்பாத்துகள்.
தராசை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
கதவின் கீழ் இடுக்கில்
இரண்டு கால்களின் நிழல்,
தட்டாமல், போகாமல்.

திறந்துதான் இருக்கிறது என்றேன்,
எந்த மொழியில் என்று நினைவில்லை.