பல்லி அடகுக் கடைக்குப் போன வெள்ளிக்கிழமை

திருச்சி விமான நிலையத் தராசு
முப்பத்திரண்டரை காட்டியது.
இரண்டரைக் கிலோவை எடுத்துவிடச் சொன்னார்கள்.
மிளகாய்த்தூளா படப்புத்தகமா என்று
வரிசை முழுக்கப் பார்த்திருக்க
பெட்டியைத் தரையில் திறந்துவைத்து யோசித்தேன்.
மிளகாய்த்தூள் அண்ணனோடு வீடு திரும்பிற்று.

ஃபஹாஹீலில், லாண்டரிக்கு மேல் இரண்டாம் மாடி.
சோபாவைச் சுவரோரம் தள்ளினால் வகுப்பு.
பதினோரு பிள்ளைகள்.
கீழிருந்து ஏறிவரும் இஸ்திரி ஆவி.
ஜன்னலுக்கு அப்பால் சுத்திகரிப்பு ஆலையின்
பகலிலும் அணையாத தீ.

நான்கு மாதமாக
அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு.
ஆடென்றால் இவர்களுக்குத் தெரிவது
ஜம்மியாக் குளிர்பெட்டியில்
தலையில்லாமல் கிடப்பது.
யாரைக் குறை சொல்ல?

ரிஸ்வினுக்கு வாசிக்கத் தெரியாதென்று இல்லை.
தண்ணீர் லாரி நம்பர், அரபிக் கடைப்பலகை,
எல்லாம் சரளம்.
தமிழ் என்று வந்தால்
பல் டாக்டர் முன் உட்கார்ந்தவன்போல
வாயை மட்டும் திறப்பான்.

அன்று பாடநூலை மூடினேன்.
கடன்பட்ட பல்லி ஒன்று
தன் வாலை அடகு வைக்கப் போகும் கதை.
பதினாறு பக்கம்.
கடைசி இரண்டைத்
துணிக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தேன்.
ஆசிரியப் பயிற்சி எனக்கில்லை,
கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
பாக்கி இருந்தால் ஆள் திரும்பி வரும்
என்கிற அளவுக்குத் தெரியும்.

கண்ணாடி போட்ட ஓணான்
வாலைத் தராசில் வைக்கிறது.
"துடித்துக்கொண்டே இருந்தால் எடை எப்படிப் போடுவேன்?"
பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில்
ஹாரிஸ் வந்து கதவைத் தட்டினார்,
படத்தைப் பார்த்து, "புர்ஸ்!" என்று
தானும் சிரித்து இறங்கிப் போனார்.

ஜெஃப்ரினாதான் கேட்டாள்:
"மிஸ், பல்லிக்கு வால் திரும்ப முளைக்குமே?
மீட்கவே வேண்டாமே?"
"முளைச்சதையும் வைக்கலாம்!" என்றான் கதிரொளி.
வருஷத்துக்கு எத்தனை வால், வாலுக்கு எத்தனை தினார் என்று
வகுப்பே திருட்டுக் கணக்கில் இறங்கியது.
வங்கிக்காரர்கள் கேட்டால் பயந்துபோவார்கள்.

"வளையல் முளைக்காது."

ரிஸ்வின்.
தரைவிரிப்பின் நூலைப் பிய்த்தபடி.
"ஆறு. உம்மா வெச்சது. வாப்பா விசாவுக்கு."

கீழே லாண்டரி இயந்திரம் வேகமெடுத்துச் சுற்றியது.
ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் நான்.
பக்கத்தைத் திருப்பி,
"அடுத்தது யார்?" என்றேன்.

அவன் எழுந்து வந்தான்.
"வட்... டி... வட்டி என்... றால்
என்ன என்... று பல்லி கேட்... டது."
ஒரு பக்கத்துக்கு ஏழு நிமிஷம்.
பிழைக்குக் கை தூக்கும் ஜெஃப்ரினாவும்
கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தாள்.

புத்தகத்தைக் கிளிப்போடு கொடுத்தனுப்பினேன்.
அடுத்த வாரம் கிளிப்போடு வந்தது,
அரை விரல் தள்ளி.

கதைப்படி பல்லி வாலை மீட்டு
வீட்டுக்குப் போய்ச் சோறு உண்கிறது.
அதைப் பென்சிலால் அடித்துவிட்டு
கீழே எழுதியிருந்தான்:
*பள்ளி வாள வித்து ஆறு வளயல் வாங்கிச்சு.*

பள்ளிக்கூடம் ஒன்று
வாளை விற்கத் தெருவில் நிற்பதை நினைத்து
அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.
ல, ள இனி பாடமாக வரும்.
அதற்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது,
அவனைக் கேட்டுக்கொண்டு
பலகையில் எழுதலாம் என்றிருக்கிறேன்.
வேண்டாமென்றால் விட்டுவிடுவேன்.

நேற்று ஜம்மியாவில்
துணிக் கிளிப் அட்டை ஒன்று வாங்கினேன்.
பன்னிரண்டு இருந்தது.
பிள்ளைகள் பதினொன்று.
மிச்சம் ஒன்றை
ஏழு வருஷமாகப் பாதியில் நிற்கும்
என் புத்தகத்தில் போட்டுவைத்தேன்.