காலுறைக்குள் காற்று

உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
கம்பளிக் கூடாரங்களுக்குக் கருவி மாட்டுகிற வேலை எனக்கு.
தீப்பெட்டியளவுதான்.
வாசலுக்கு வெளியே ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று.

சோல்சயா கேட்டாள்:
"புகை வெளியேதானே?
நாங்கள்தான் சாத்திக்கொண்டு இருக்கிறோமே."

வெளியே நானூற்றுப் பன்னிரண்டு.
பள்ளத்தாக்கின் அத்தனை அடுப்பும்
இரவில் விட்ட மூச்சைக்
குளிர் மூடிபோட்டு வைத்திருந்தது.

உள்ளே நூற்றெண்பது.
அவள் முகத்தில் சின்ன வெற்றி.
பிறகு அடுப்பின் வாயைத் திறந்து
கரிக்கட்டி இரண்டு போட்டாள்.

அறுநூற்று ஐம்பது.

இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
உப்புப் போட்ட பால்தேநீர் தந்தாள்.
கூரை வளையத்தைக் கொஞ்சம் திறந்துவையுங்கள் என்று
சொல்ல வந்த வாயில்
தேநீரை ஊற்றிக்கொண்டேன்;
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தொட்டிலில் இவீல் இருமினான்,
தன் உடம்பைவிடப் பெரிய இருமல்.

மறு வாரம் கணினியில் பார்க்கிறேன்:
அவள் வீட்டில் மட்டும்
இரவெல்லாம் ஏழு, எட்டு, ஏழு.
நகரத்திலேயே நல்ல காற்று.
எப்படியென்று கேட்டுவர
அதிகாரி வண்டி கொடுத்து அனுப்பினார்.

கருவிமேல்
ஒட்டக மயிரில் பின்னிய குட்டிக் காலுறை,
அடிவரை இழுத்துவிடப்பட்டு.

"சிவப்பு விளக்கு அணையவே மாட்டேன்கிறது,
பிள்ளை தூங்க வேண்டாமா?"

கழற்றினேன்.
எண்கள் ஏறத் தொடங்கின.
அவள் காலுறையை வாங்கி உதறினாள்.
கரித்தூள் கொஞ்சம் வெளிச்சத்தில் பறந்தது.
அடுப்பருகே காட்டிச் சூடாக்கி,
ஒரு வாரமாக வெறுங்காலாய் இருந்த
இடது காலில் மாட்டினாள்.