தை மாதக் கணக்கீடு

கானாடுகாத்தான் ஊருணியில் தண்ணீர் தெரியவில்லை.
படிக்கட்டு வரைக்கும் பனிதான்.
பால்காரரின் மணி முதலில் வந்தது,
சைக்கிள் கொஞ்சம் பொறுத்து வந்தது.

கறிக்கடையில் சேவுகன்
கத்தியைத் தீட்டாமல்
உள்ளங்கைகளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.
தலையில் மகளின் ரோஸ் நிறக் குல்லா.
"என்ன மீட்டரம்மா,
உலகம் சூடாகுதுன்னு டிவியில கத்துறாகளே,
இங்கிட்டு வந்து அஞ்சு நிமிஷம்
நின்னு பாக்கச் சொல்லுங்க."
கறிக்கு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.
சிரிப்பு வாயிலிருந்து புகையாகவே வந்தது.
நானும் சிரித்தேன்.
புடவைக்கு மேல்
வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு
வந்திருப்பவள்
வேறென்ன சொல்வது?

பதினெட்டு வருஷம் இந்த வீதிகளின் மின்சாரத்தை
எழுதியிருக்கிறேன்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை,
பேனா, டார்ச், நாய்க்கு ஒரு பிஸ்கட்.
இப்போது கையில் மெஷின் கொடுத்துவிட்டார்கள்,
ஆனாலும் சில வீடுகளில்
அந்தப் பழைய வெள்ளை அட்டையைக் கிழிக்காமல்
மீட்டர் பெட்டிக்குள் சொருகி வைத்திருக்கிறார்கள்.

தையல்கார இன்பராணியின் வீட்டில் அப்படி ஒன்று.
இன்றைக்குப் பில்லைப் பார்த்தவுடன் அவள் துள்ளினாள்.
"பாதியாயிருச்சுக்கா! ஃபேனே போடலயே.
இந்தக் குளிரு இப்படியே இருக்கட்டும், சாமி."
பாதிதான். நானே கழித்துப் பார்த்தேன்.
மெஷின் பொய் சொல்லவில்லை.

அட்டையைத் திருப்பினேன்.
என் கையெழுத்து, இளமையாக இருந்தது.
ஒரு சித்திரையில் நூற்று எழுபது.
நாலு சித்திரை தள்ளி இருநூற்று அறுபது.
ஒரு வருஷம் குறைந்திருந்தது, கோடை மழை பெய்த வருஷம்.
பிறகு நானூற்றுச் சொச்சம்.
கடைசிக் கட்டத்தில் நான் எழுதியது அறுநூற்று நாற்பது,
இடம் போதாமல் ஓரத்தில் வளைந்திருந்தது.

"ஏசி வாங்கிட்டேன்லக்கா, அதான்" என்றாள்.
அதுதான், ஒத்துக்கொள்கிறேன்.
ஏன் வாங்கினாய் என்று கேட்கவில்லை, அவளே சொன்னாள்:
கத்திரி வெயிலில் தைத்துக்கொண்டிருந்தபோது
பள்ளத்தூர்ப் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டில்
இவள் நெற்றி வியர்வை சொட்டிவிட்டது.
பட்டு. கறை போகவில்லை.
முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தாளாம்.
அதற்கு முந்தின இருபது கோடையிலும்
அவள் பட்டு தைத்திருக்கிறாள்.

ஒரு தையல்காரியின் அட்டையை வைத்து
பூமிக்குக் காய்ச்சல் பார்க்க முடியாது.
அது எனக்கும் தெரியும்.
அப்படியானால் சேவுகனின் குல்லாவை வைத்து மட்டும்
எப்படிப் பார்ப்பதாம்?
இதைக் கறிக்கடையிலேயே சொல்லியிருக்கலாம்.
எனக்கு எப்போதும் பதில் தோன்றுவது
மூன்று தெரு தாண்டித்தான்.

கடைசி வீடு பெரிய வீடு.
சென்னையிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள் அதன் ஆட்கள்.
காவல்காரர் பொன்னழகு பின்கட்டைத் திறந்தார்.
பூட்டின் இரும்பு விரலைக் கடித்தது.
இன்னும் மாற்றாத மீட்டர்:
கண்ணாடிக்குள் அலுமினியச் சக்கரம்,
விளிம்பில் ஒரு கறுப்புக் குறி.
டார்ச் அடித்தேன். அசைவே இல்லை.

"நிக்கிதாம்மா?" என்றார்.
"பொறுங்கண்ணே."

வெள்ளைக்காரன் காலத்துச் சுவரில் ஈரம் பூத்திருந்தது.
என் மூச்சு கண்ணாடியில் படிந்தது,
சட்டைக் கையால் துடைத்தேன்.
குளிர்ந்தால் மெதுவாகச் சுற்றும்,
இந்தப் பதினெட்டு வருஷத்தில்
ஒரு சக்கரமும் பின்னோக்கிச் சுற்றி
நான் பார்த்ததில்லை.

"சாமி ரூமுல ஒரு பல்பு மட்டுந்தாம்மா எரியுது."

ஒற்றைக் காலில் பாரத்தை மாற்றி நின்றேன்.
இடது ஓரத்தில்
கறுப்பு
எட்டிப் பார்த்தது.