ஆன்டெனா பிடித்தவன்

எங்கள் ஊர் ஆட்டத்தை
எங்கள் ஊரில் ஒளிபரப்பத் தடை.
எண்பது மைல் ஓட்டி
எரி ஏரிக்கரை மோட்டலில்
ஒன்பது பேருக்கு ஒரே அறை,
ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி.
அறுபத்தெட்டு, டிசம்பர்.

பீர் நுரையைத் துடைத்துக்கொண்டு
காசிமிர் இன்றும் ஆரம்பிப்பான்:
கடைசிப் பதினொரு விநாடி,
ஹாஸ்கின்ஸ் ஒற்றைக் கையால் பிடித்தான், டச்டவுன்!
இரண்டு கை என்பாள் ரோவீனா.
முதலில் தோளில் பட்டது என்பான் ஒடெல்.
அப்போது அவன் கழிவறையில் இருந்தான்.
யாரும் அதைச் சொல்வதில்லை.

நான் பெட்டிக்குப் பின்னால் நின்றேன்,
அலுமினியத் தாள் சுற்றிய கம்பியைப் பிடித்தபடி.
கையை எடுத்தால் படம் கலைந்துவிடும்.
அசையாதே என்று கத்தினார்கள்.
அசையவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான்:
நீல வெளிச்சத்தில் ஏழு முகங்கள்.
காசிமிரின் வாய் திறந்து
மூட மறந்தது.
ரோவீனாவின் சிகரெட்டில்
சாம்பல் நீண்டுகொண்டே போனது, விழவில்லை.
பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது
என்று என்னைக் கேளுங்கள்.

படச்சுருள் அகப்பட்டுவிட்டதாம்.
வியாழக்கிழமை ஒடெலின் மகள் கொண்டுவருகிறாள்.
அன்று பல் டாக்டரைப் பார்க்கவேண்டும்
என்று சொல்லி வைத்திருக்கிறேன்.